முப்பரிமாண மாதிரியில் மர்மங்கள்: அங்குலம் எவ்வளவு?

நாகர்கோவிலில் ஆயுர்வேதம் படிக்கிறேன். பழங்கால அறுவை மருத்துவர் சுசுருதர் சொன்ன 107 மர்மங்களையும், அதாவது உடலின் உயிர்நிலை இடங்களையும், பிளெண்டர் என்ற கணினி மென்பொருளில் முப்பரிமாண உடல் மாதிரியில் குறித்து வருகிறேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வரும் க்ஷிப்ரம் என்ற மர்மம் சட்டென்று அமைந்துவிட்டது. முதுகில்தான் தடுமாறுகிறேன். நூலில் அளவெல்லாம் அங்குலக் கணக்கில் இருக்கிறது. ஒரு அங்குலத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் வைப்பது?

பதில் 1: சென்டிமீட்டரே வேண்டாம் தம்பி. அங்குலம் என்பது அந்தந்த நோயாளியின் விரலகலம். மாதிரியின் விரலையே அலகாக வையுங்கள். உடல் பெரிதானால் அதுவும் பெரிதாகட்டும்.

பதில் 2: எல்லாவற்றையும் புள்ளியாக வைக்காதீர்கள். இதயமும் தொப்புளும் உள்ளங்கை அளவு. தசை 11, சிரை (இரத்தக்குழாய்) 41, ஸ்நாயு (தசைநார்) 27, எலும்பு 8, மூட்டு 20 என நிறம் பிரித்தால் எனக்கே பாடம் எடுக்க உதவும்!

கேட்டவர்: சரி ஐயா, அப்படியே மாற்றுகிறேன். அப்புறம், சுசுருதர் இறந்த உடலை ஏழு இரவு ஓடைநீரில் ஊறவைத்து, தோலை மெல்லத் தேய்த்து உள்ளுறுப்பைப் பார்க்கச் சொல்கிறாரே, அதேபோல அடுக்கடுக்காக உரியும் வசதியும் சேர்க்கிறேன்.