ஃபாக்ஸ் தாளில் கறுப்புக் கோடு, இரண்டு தாள் சேர்ந்து இழுபடுகிறது: மெஷினை மாற்றத்தான் வேண்டுமா?

மருந்துக்கடை_ஸ்காபரோ:

வணக்கம் எல்லோருக்கும். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்கு டாக்டர்களிடமிருந்து வரும் மருந்துச் சீட்டுகளில் நிறைய இன்னும் ஃபாக்ஸில்தான் வருகின்றன, ஆகவே இந்த மெஷின் மக்கர் பண்ணினால் கடையே நின்றுவிடும். லேசர் வகை, மைத்தூள் இருக்கிற டோனரும் அதைத் தாளில் பதிக்கிற டிரம் உருளையும் தனித்தனியாகக் கழற்றலாம். கொஞ்ச நாளாக வருகிற எல்லாத் தாளிலும் வலது பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு. அது போய் விழுவது மருந்தின் அளவு எழுதுகிற இடத்தில். நேற்று ஒரு சீட்டில் 2.5 மி.கி.யா 25 மி.கி.யா என்று தெரியவே இல்லை, கிளினிக்குக்கு ஃபோன் பண்ணிக் கேட்ட பிறகுதான் மருந்து கொடுத்தோம்.

புது டோனர் போட்டும் கோடு போகவில்லை. குளிர் தொடங்கியதிலிருந்து இரண்டு மூன்று தாள் ஒன்றாக இழுபட்டுச் சிக்குகிறது. இது போதாதென்று ஒரு கிளினிக்கிலிருந்து வருவது மட்டும் எழுத்தெல்லாம் குறுக்கே வெட்டுப்பட்டது மாதிரி வருகிறது. முதலாளி புது மெஷின் வாங்கிவிடலாம் என்கிறார். அதற்கு முன் செய்து பார்க்கக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பழுதுபார்ப்பவன்:

இப்போதைக்கு வாங்க வேண்டாம். கோடு எங்கே உண்டாகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மெனுவில் போய் மெஷினின் சொந்த செட்டிங்ஸ் பக்கத்தையோ ஃபாக்ஸ் ஜர்னலையோ பிரிண்ட் எடுங்கள். அந்தப் பக்கம் உங்கள் ஸ்கேனர் வழியாகவும் வருவதில்லை, ஃபோன் லைன் வழியாகவும் வருவதில்லை. அதிலும் அதே இடத்தில் கோடு இருந்தால் குற்றம் பிரிண்ட் அடிக்கும் பகுதியில்தான், டோனர் மாற்றியும் போகாததால் டிரம் யூனிட்டைத்தான் சந்தேகப்படுவேன். அந்தப் பக்கம் சுத்தமாக வந்தால் கோடு அனுப்புகிறவரிடமிருந்து வருகிறது.

டிரம் என்றால், அதன் மேலே நீளவாட்டில் மெல்லிய கம்பி ஒன்று ஓடும், கொரோனா வயர். அதில் டோனர் தூசி படிந்தால் இப்படித்தான் நெடுக்குக் கோடு விழும். அதைத் துடைக்க யூனிட்டிலேயே சின்னதாக ஒரு நகர்த்தி இருக்கும், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பல தடவை மெதுவாகத் தள்ளுங்கள். முடித்ததும் அம்புக்குறி இருக்கிற பழைய இடத்துக்கே அதைக் கொண்டுவந்து நிறுத்துவது முக்கியம், நடுவில் விட்டுவிட்டால் அந்த இடத்தில் இன்னும் தடித்த கோடு வரும். டிரம்மை வெளிச்சத்தில் வைக்காதீர்கள், கழற்றியதும் ஒரு துணியால் மூடுங்கள். டோனர் கொட்டினால் உலர்ந்த துணி போதும், வெந்நீரும் வேண்டாம், வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம்.

மருந்துக்கடை_ஸ்காபரோ:

மிகவும் நன்றி அண்ணா. செட்டிங்ஸ் பக்கத்திலும் கோடு இருந்தது. நகர்த்தியைத் தள்ளித் துடைத்தேன், இப்போது கோடு முழுதாகப் போய்விட்டது. ஆனால் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தாளில் திரும்பத் திரும்ப, சம இடைவெளியில் வருகிறது. இது முன்பும் இருந்திருக்கலாம், கோடுதான் கண்ணில் பட்டது.

பழுதுபார்ப்பவன்:

புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். 30 மி.மீ. விட்டமுள்ள டிரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 94 மி.மீ., 24 மி.மீ. டிரம் என்றால் 75 மி.மீ. உங்கள் டிரம்மின் சுற்றளவோடு ஒத்துப்போனால் அதன் மேல் பசையோ தூசியோ ஒட்டியிருக்கிறது, அல்லது கீறல் விழுந்திருக்கிறது. லேபிள் ஒட்டிய தாளை உள்ளே விட்டீர்களா? மருந்தகங்களில் இது சகஜம். ஒட்டியிருப்பதை உலர்ந்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள், நகமோ கூரான எதுவுமோ படவே கூடாது. கீறல் என்றால் டிரம்மை மட்டும் மாற்றினால் போதும். மருந்துச் சீட்டில் தேவையில்லாத புள்ளி விழுவது கோட்டைவிட மோசம், அது தசமப்புள்ளி மாதிரியே இருக்கும், ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வன்னிமகள்:

தம்பி, நானும் ஒரு மருந்தகத்தில்தான். குளிர்காலத்தில் தாள் சேர்ந்து இழுபடுவதற்கு ஹீட்டரும் ஒரு காரணம். உள்ளே காற்று காய்ந்து போய் தாளில் நிலைமின்சாரம் ஏறிவிடும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தாள் கட்டை எடுத்து விசிறி மாதிரி விரித்து உதறி, மேசையில் தட்டி ஓரம் சரிபார்த்து வையுங்கள். தட்டில் குறித்திருக்கிற கோட்டுக்கு மேலே நிரப்ப வேண்டாம். பக்கத் தடுப்புகள் தாளைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்க வேண்டும், இறுக்கினால் மடிகிறது, தளர்ந்தால் கோணலாகப் போகிறது.

தாளை எங்கே வைக்கிறீர்கள்? கார் டிக்கியில் கிடந்த பெட்டியைக் கொண்டுவந்து உடனே பிரித்துப் போட்டால் குளிர்ந்த தாளில் ஈரம் பிடித்துச் சுருளும். கடைக்குள் கொண்டுவந்து உறை பிரிக்காமலே ஒரு நாள் விடுங்கள், பிறகு பாவியுங்கள். 20 பவுண்டு தாள் என்று இங்கே விற்பது 75 கிராம் தாள்தான், அதற்குக் குறைந்தது வாங்காதீர்கள்.

இவ்வளவும் செய்தும் இரண்டாக இழுபட்டால் தட்டில் தாளின் முன்விளிம்பு படும் இடத்தில் உள்ள ரப்பர் பட்டை தேய்ந்திருக்கும், அதுதான் அடித்தாளைப் பிடித்து நிறுத்துவது. அது தனியாகவே கிடைக்கும், விலையும் பெரிதில்லை. தாளே இழுபடாமல் உருளை வெறுமனே சுற்றினால் உருளையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், பளபளப்பாகத் தெரிகிற ரப்பருக்குப் பிடிமானம் இருக்காது.

சிக்கிய தாளை அது போகிற திசையிலேயே இரண்டு கையாலும் மெல்ல இழுங்கள். கிழிந்தால் துண்டுகளைப் பொருத்திப் பார்த்து முழுத்தாளும் வந்துவிட்டதா என்று உறுதிப்படுத்துங்கள், நகத்தளவு துண்டு சென்சாரில் கிடந்தாலும் மெஷின் சிக்கல் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பின்பக்கம் கொதிக்கும், ஆறவிட்டுக் கை வையுங்கள்.

லைன்மேன்77:

அந்த ஒரு கிளினிக் விஷயத்துக்கு வருகிறேன். நெடுக்குக் கோடு என்றால் பெரும்பாலும் மெஷின், குறுக்கே வெட்டுப்பட்டால் பெரும்பாலும் லைன். அவர்கள் இன்டர்நெட் வழி ஃபோனுக்கு மாறியிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். ஃபாக்ஸ் சிக்னலுக்கு அதில் துண்டு துண்டாக இழப்பு வரும். அவர்களிடம் அனுப்பும் வேகத்தை 9600க்கு இறக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பிழைதிருத்த முறை, அதாவது ஈசிஎம், இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் கெட்ட பகுதியை மெஷின் திரும்பக் கேட்டு வாங்கும், இல்லாவிட்டால் கெட்ட வரியை அப்படியே அச்சடித்துவிடும்.

அப்புறம், எல்லாக் கிளினிக்கையும் ஃபைன் மோடில் அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண மோடில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரிதான் ஸ்கேன் ஆகிறது, ஃபைனில் 7.7. பேனாவால் வைத்த அரை மில்லிமீட்டர்ப் புள்ளிக்குச் சாதாரண மோடில் இரண்டு வரிகூடக் கிடைப்பதில்லை. 2.5ஐ 25 ஆக்குவதற்கு உங்கள் மெஷின் கெட்டிருக்க வேண்டும் என்றே இல்லை. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் எழுத வேண்டாம், ஒன்றுக்குக் குறைந்த அளவில் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம் என்று மருந்துப் பிழைகளைத் தடுக்க வேலை செய்கிற ஐ.எஸ்.எம்.பி. கனடா அமைப்பு சொல்வது உங்களுக்குத் தெரிந்ததுதான், கிளினிக்குகளோடு கதைக்கும்போது அதையும் ஞாபகப்படுத்துங்கள்.

இன்னொன்று. தாள் சிக்கியிருக்கும்போது வருகிற ஃபாக்ஸ் மெமரியில் நிற்கும். பல மெஷின்களில் சுவிட்சை அணைத்தால் அது அழிந்துவிடும், அனுப்பியவருக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் காட்டியிருக்கும். அணைப்பதற்கு முன் திரையில் மெமரியில் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வேறொரு ஃபாக்ஸ் எண்ணுக்குத் திருப்பி அனுப்ப மெனுவில் வழி இருக்கும்.

மருந்துக்கடை_ஸ்காபரோ:

அளந்தேன், 94 மி.மீ. சரியாக இருக்கிறது. துடைத்தும் போகவில்லை, ஆகவே டிரம் ஆர்டர் பண்ணியாயிற்று, ரப்பர் பட்டையும் கூடவே. புது டிரம் வரும்வரை புள்ளி விழுகிற சீட்டு எல்லாவற்றுக்கும் அளவைக் கிளினிக்கிடம் ஃபோனில் கேட்டு உறுதிப்படுத்துகிறோம். லைன்மேன் அண்ணா, அந்தக் கிளினிக் போன மாதம்தான் ஃபோன் கம்பனியை மாற்றியிருக்கிறார்கள். வேகத்தை எங்கே இறக்குவது என்று அங்குள்ள பிள்ளைக்குத் தெரியவில்லை, அவர்களுடைய மாடலைக் கேட்டு இங்கே போடுகிறேன்.