இராமேஸ்வரம் விடுதிக் குளியலறை: வாஷ் பேசின், கம்மோடு ஓரங்களுக்கு எந்த சீலன்ட் பொருத்தம்?

கேள்வி: தீர்த்தக்கரை விடுதிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். இராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்திலிருந்து நடந்துவிடக்கூடிய தொலைவில் எட்டு அறைகள் கொண்ட சிறிய விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். கடலில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு ஈரத்துணியோடு அறைக்குத் திரும்புகிறவர்கள் குளிப்பதால், கடல் மணலும் உப்பும் குளியலறையில் சேராத நாளே கிடையாது. போர்வெல்லில் வருவதும் உப்புத் தண்ணீர்தான்.

கட்டும்போது கொத்தனார் கம்மோடைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் பூசினார். ஓராண்டுக்குள் அது மயிரிழையாக வெடித்து, உள்ளே போன தண்ணீர் நாற்றமெடுக்கத் தொடங்கியது. அதைச் சுரண்டிவிட்டுக் கடையில் கொடுத்த சிலிகான் டியூப் ஒன்றை வாங்கி, வாஷ் பேசினையும் அதன் அடியிலுள்ள மார்பிள் பலகையையும் சேர்த்து அடைத்தோம். அடிக்கும்போதே வினிகர் போலப் புளித்த நெடி வந்தது. இப்போது அந்த சிலிகான் பட்டையாக உரிந்து வருகிறது, அது இருந்த இடத்தில் மார்பிள் மங்கிப்போய் ஒரு கோடு தெரிகிறது, டைல்ஸ் மூலைகளிலோ கரும்பூஞ்சை பிடித்திருக்கிறது.

இம்முறை கடைக்காரர் அக்ரிலிக் போதும் என்கிறார். பக்கத்தில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர், படகுக்குப் பயன்படுத்தும் பாலியூரித்தேன்தான் உப்புக்குத் தாங்கும் என்கிறார். ஆடி அமாவாசைக் கூட்டம் வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். எதை வாங்குவது?

பதில் 1: கட்டடப் பொறியாளர், பரமக்குடி

ஐயா, நீங்கள் சொன்ன புளித்த நெடியிலேயே பாதி விடை இருக்கிறது. அந்த வகை சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அதன் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மினுமினுப்புப் போய்விடும். உங்கள் பலகையில் தெரியும் கோடு அழுக்கன்று, அரிப்பு. அதைப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். அமிலம் பட்ட மார்பிளிலும், சுண்ணத்தன்மையுள்ள சிமெண்டிலும் அந்த சிலிகானின் பிடிப்பு நிலைக்காது என்பதால்தான் அது பட்டையாக உரிந்தது. பித்தளை, துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு, கண்ணாடியின் பின்புற ரசப்பூச்சு ஆகியவற்றையும் அது கெடுக்கும். உப்புக்காற்றே உலோகத்தைத் தின்னும் ஊரில் அமிலத்தையும் சேர்த்துக் கொடுப்பானேன்?

ஆகவே டியூபின் மேல் இரண்டு சொற்களைத் தேடுங்கள். ஒன்று நியூட்ரல், அதாவது அமிலம் விடாமல் இறுகும் வகை. மற்றொன்று சானிட்டரி, அதாவது பூஞ்சைக்கொல்லி சேர்த்தது. ஜெனரல் பர்ப்பஸ் என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் புளித்த நெடி வகையாகவே இருக்கும். மார்பிளுக்கென்று வாங்கும்போது, கல்லில் எண்ணெய்க் கறை படிய விடாத வகையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில சிலிகான்களிலிருந்து எண்ணெய் கசிந்து, நுண்துளையுள்ள கல்லின் ஓரம் கருத்துவிடும்.

அக்ரிலிக் தண்ணீரில் கரைத்துச் செய்யப்படுவது. தண்ணீர் ஆவியாகும்போது சுருங்கும், எந்நேரமும் நனையும் இடத்தில் மெல்ல மெல்ல இளகும். கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே வரும் விரிசலை அடைத்துப் பெயிண்ட் அடிக்க அது நல்லது, ஏனெனில் சிலிகான்மேல் பெயிண்ட் ஒட்டாது. வாஷ் பேசின் ஓரத்துக்கு அது வேண்டாம்.

பதில் 2: படகுத்துறைக்காரர், பாம்பன்

படகு அண்ணன் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். பாலியூரித்தேன் உப்புத் தண்ணீருக்கு அஞ்சாது, அசைவையும் தாங்கும். ஆனால் வெள்ளை நிறத்தில் வாங்கினால் வெயில் பட்ட இடத்தில் மஞ்சளாகிவிடும், பூஞ்சைக்கொல்லி இல்லாததால் மூலையில் எளிதில் கருக்கும், நாளை பேசினைக் கழற்ற நேர்ந்தால் பேசினோ பலகையோ உடையும் அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். விடுதியில் கழற்றாமல் எத்தனை ஆண்டு ஓட்ட முடியும்?

படகிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. மரவள்ளங்களுக்குக் கலப்பற்று அடைக்கும் பெரியவர்கள் பலகை இடுக்கில் குங்கிலியப் பூச்சை அப்படியே ஊற்ற மாட்டார்கள். முதலில் பஞ்சுத் திரியை இடுக்குக்குள் இறுக்கிவிட்டு, அதன்மேல்தான் பூச்சு. சிலிகானுக்கும் அதுவே முறை. இடுக்கு ஆழமாக இருந்தால் ஃபோம் கயிற்றை உள்ளே செலுத்திவிட்டு மேலே சிலிகான் அடியுங்கள். சிலிகான் இரண்டு பக்கச் சுவர்களை மட்டும் பிடித்திருந்தால் ரப்பர்போல நீண்டு சுருங்கும். அடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் இழுவை தாங்காமல் கிழியும்.

பதில் 3: கீழக்கரை இல்லத்தரசி

எங்கள் வீட்டில் நான் கற்றது இது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், உப்புப் படிந்த பரப்பின்மேல் அடித்தால் சிலிகான் உப்பைப் பிடிக்குமே தவிர டைல்ஸைப் பிடிக்காது. கடலோரத்தில் கழுவி வைத்த டைல்ஸிலும் மறுநாள் கையை வைத்தால் பிசுபிசுக்கும். பழைய சிலிகானைப் பிளேடால் முழுவதும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பழையதன்மேல் புதியது ஒட்டாது. பிறகு போர்வெல் தண்ணீரால் கழுவாமல், குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, ஓரிரவு மின்விசிறி போட்டு உலர்த்தி, அடிப்பதற்குச் சற்றுமுன் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். உப்புக்கறை போக ஆசிட் ஊற்றும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. மார்பிள் இருக்கும் அறையில் அதைச் செய்துவிடாதீர்கள், அண்ணன்.

வளைகுடா நாடுகளிலிருந்து யாரேனும் வருவதாக இருந்தால் அங்கிருந்தும் டியூப் வாங்கிவரச் சொல்லலாம். ஐரோப்பியத் தயாரிப்புகளில் இஎன் 15651-3 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், பக்கத்தில் எக்ஸ்எஸ்1 என்ற குறியும் இருந்தால் பூஞ்சையை எதிர்ப்பதில் அது உயர்ந்த வகுப்பு. ஆனாலும் பூஞ்சைக்கொல்லி ஆண்டுக்கணக்கில் தண்ணீரோடு கரைந்து போய்க்கொண்டேதான் இருக்கும். பூஞ்சைக்கு இரை சிலிகானன்று, அதன்மேல் படியும் சோப்பு அழுக்கு; அதைத் தேய்க்காமல் விட்டால் எந்த வகுப்பும் உதவாது.

கேள்வியாளர்

மூவருக்கும் நன்றி. இன்னும் மூன்று ஐயங்கள். எட்டு அறைக்கு எத்தனை டியூப் தேவைப்படும்? ஓர் அறையை எத்தனை நாள் பூட்டி வைக்க வேண்டும்? கம்மோடைச் சுற்றி முழுவதுமாக அடைத்துவிடலாமா?

பதில் 4: பிளம்பர், உச்சிப்புளி

6 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்தால் 280 மில்லி டியூப் ஒன்று ஏறத்தாழ ஏழரை மீட்டர் ஓடும். ஓர் அறைக்கு மூன்று மீட்டர் வரும் என்றால் எட்டு அறைக்கு 24 மீட்டர்; சேதாரத்தையும் சேர்த்து நான்கு டியூப் போதும். தகரக் கூரைக்கு அடியில் வெந்துகிடந்த பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். காலாவதித் தேதிக்கு முன்பே அது கெட்டிருக்கலாம், கெட்ட டியூப் வெளியே வந்த பிறகு இறுகவே இறுகாது.

மேல்தோல் கால் மணி நேரத்தில் கட்டிவிடுவதால் பலரும் அன்றைக்கே தண்ணீர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது வெளியிலிருந்து உள்நோக்கி, நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் வரைதான் இறுகும். நம் கடற்கரையின் ஈரக்காற்று அதற்கு உதவி என்றாலும், கூட்டம் வந்துபோகும் அறைக்கு 24 மணி நேரம் போதும் என்று நான் சொல்ல மாட்டேன்; இரண்டு இரவு பூட்டி வையுங்கள். இரண்டிரண்டு அறையாக எடுத்தால் எட்டு நாளில் முடியும்.

கம்மோடின் கீழே அது ஆடாமல் உட்கார சிமெண்ட் படுக்கை இருக்கட்டும், வெளி ஓரத்துக்கு மட்டும் சிலிகான். முன்னாலும் பக்கங்களிலும் அடைத்துவிட்டுச் சுவரை ஒட்டிய பின்பக்கத்தில் இரண்டு விரல் அகலம் திறந்துவிடுவது என் வழக்கம். கீழே இணைப்பில் கசிவு வந்தால் அந்த வழியாகத் தெரிந்துவிடும். முழுக்க அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கித் தளத்தில் இறங்கும்.

கட்டடப் பொறியாளர், பரமக்குடி

அந்தத் திறப்பைப் பற்றி எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. வீட்டுக்கு அது சரி. மணலும் உப்புத் தண்ணீரும் புரளும் விடுதித் தரையில் அதே வழியாக அழுக்கு உள்ளே போகும். தரைச் சரிவு கம்மோடிலிருந்து விலகி வடிகால் பக்கம் இருந்தால் மட்டும் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் முழுவதும் அடையுங்கள்.

பிளம்பர், உச்சிப்புளி

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. ஒரு குவளைத் தண்ணீரைக் கம்மோடின் பின்னால் ஊற்றிப் பார்த்தால் சரிவு தெரிந்துவிடும். இன்னொன்று: இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்து, விரலால் ஒரே இழுவையில் வழித்து, தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். சோப்புத் தண்ணீரில் விரலை நனைப்பதாக இருந்தால் சிலிகான் முழுவதும் அடித்து முடிந்த பிறகு நனையுங்கள். முன்பே சொட்டினால் சொட்டிய இடம் பிடிக்காது.

கேள்வியாளர்

தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஆறு அறைகளில் வடிகால் பக்கம் ஓடுகிறது, இரண்டில் கம்மோடுக்குப் பின்னாலேயே தேங்குகிறது. அந்த இரண்டையும் முழுவதும் அடைத்துவிட்டு, மற்றவற்றில் பின்பக்கம் திறந்துவிடப் போகிறேன். நியூட்ரல் சானிட்டரி வகையில் நான்கு டியூப் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். முதல் இரண்டு அறைகளில் பழையதைச் சுரண்டும் வேலை இன்று தொடங்கியிருக்கிறது.