"லானி" எங்கிருந்து வந்தது? டர்பன் பெரியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. எங்கள் கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக, இங்கே தென்னாப்பிரிக்காவில் இந்தியர் பேசும் ஆங்கிலத்தில் புழங்கும் கொச்சைச் சொற்களைத் தொகுக்கிறேன். "ப்ரூ" சுலபம், ஆஃப்ரிகான்ஸ் "ப்ரூர்", சகோதரன். இழுத்தடிப்பது "லானி"தான்.

டர்பனில் இந்தியர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் ஒருவர் "லானி வர்றான், போனை உள்ளே வை" என்றால் முதலாளி. பழைய ஆட்கள் வாயில் அதுவே வெள்ளைக்காரர். "லானி கல்யாணம்" என்றால் பகட்டான கல்யாணம். மொய்க்கவரைக் கொஞ்சம் கனமாக்கிக்கொள்ள வேண்டும்! பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) வாங்கப் போனால் கடைக்காரரே "என்ன வேணும் மை லானி?" என்கிறார், அங்கே வெறும் நண்பன். முதலாளியையும் கூட்டாளியையும் ஒரே சொல்லால் கூப்பிடுகிற ஊர் நம்முடையதுதான்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தபின், கரும்புத் தோட்டங்களில் தமிழ், தெலுங்கு, போஜ்புரி, ஜூலு, ஃபனகலோ (ஜூலுவை அடிப்படையாகக் கொண்ட கலப்புமொழி) எல்லாம் கலந்தன. அதனால் ஓசையை மட்டும் வைத்து வேர் சொல்வதை நான் நம்புவதில்லை. "ராணி"தான் திரிந்தது என்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

எனக்கு வேண்டியது இதுதான்: உங்கள் தாத்தா பாட்டி இதை யாரைக் குறித்துச் சொன்னார்கள், எந்த ஊரில், ஏறக்குறைய எந்தக் காலத்தில்? சர்க்கரை மில் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள் அவசியம் எழுதுங்கள். கேப்டவுன், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் வேறு பொருள் உண்டா? தட்டச்சு வராத பெரியவர்கள் குரல் பதிவாக அனுப்பினாலும் போதும், நானே எழுதிக்கொள்கிறேன்.