மாடியிலிருந்து விழுந்த பூனைக்கு உதரவிதானக் கிழிசல்: அறுவை இல்லாமல் சரியாகுமா?

கேள்வி:
எங்கள் செவலைக்கு மூன்று வயது. பத்து நாளுக்கு முன் இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தான். சிராய்ப்புதான் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது படுப்பதே இல்லை. முழங்கையை அகட்டி, உட்கார்ந்தபடியே தூங்குகிறான். வயிறு ஒட்டிக் கிடக்கிறது. நேற்று எடுத்த எக்ஸ்ரேயில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தின் கோடே தெரியவில்லை, நெஞ்சுக்குள் குடல். மருந்தில் சரியாகாதா?

பதில் 1:
கால்நடை மருத்துவர் நான். கிழிசல் மருந்தில் மூடாது, தைத்துத்தான் ஆகவேண்டும். வயிற்றைத் திறந்ததும் கிழிசல் வழியே நெஞ்சுக்குள் காற்று புகும், அவனால் தானாக மூச்சுவிட முடியாது. குழாய் போட்டு, பையை அழுத்தி மூச்சு கொடுக்க ஆள் இருக்கிற இடமாகப் பாருங்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரலை ஒரேயடியாக விரித்தால் நீர் கோத்துவிடும். இரைப்பை மேலே ஏறி உப்பினால் அவசரம், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள்.

பதில் 2:
பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியர் நான். பிறவியிலேயே இந்த ஓட்டையோடு வரும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம்தான். முகமூடி வைத்துக் காற்றடித்தால் குடல் உப்பி நுரையீரலை நசுக்கும். அதனால் நேரே குழாய்தான். மூச்சும் ரத்த ஓட்டமும் நிலைப்பட்ட பிறகே அறுவை.

பதில் 3:
எங்கள் எருமைக்கும் இதே கோளாறு. வயிற்று உப்புசம் விட்டுவிட்டு வந்தது. தீவனத்தோடு விழுங்கிய கம்பிதான் காரணம்.

கேட்டவர்:
நன்றி டாக்டர். சென்னைதான், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் காலையில் கிளம்புகிறோம். கூடையில் தலைப்பக்கம் துண்டு மடித்து உயர்த்தியிருக்கிறேன். சாய்ந்து கண் மூடியிருக்கிறான்.