ஹட்டன் பக்கம் ஜிம் பயிற்சி தெரிந்தவர்கள் உதவுவீர்களா?

அன்பு உறவுகளே, ஹட்டனை அண்டிய தோட்டத்துப் பிள்ளைகள் வரும் சின்ன ஜிம் ஒன்றுக்கு உங்கள் உதவி தேவை. மெஷின்களில் குறையில்லை, பாவிக்கும் விதம்தான் பிழை.

பெரிய பயம் லெக் பிரஸ், அதாவது சீட்டில் இருந்து காலால் பாரத்தட்டைத் தள்ளும் மெஷின். தட்டை அளவுக்கு மீறி இறக்கும்போது இடுப்பு சுருண்டு சீட்டை விட்டு எழும்புகிறது. அந்த நேரம் பாரம் கீழ்முதுகில் விழும். இடுப்பு எழும்பப் பார்க்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்த வேண்டும். தள்ளி முடிக்கும்போது முழங்காலை விறைக்க நீட்டவும் கூடாது. பகலெல்லாம் கொழுந்து மூட்டை தூக்கிவிட்டு வருகிற முதுகு, பாவம், இதையும் எப்படித் தாங்கும்?

மேலே தொங்கும் கம்பியைக் கீழே இழுக்கும் லாட் புல்டவுன் மெஷினில், கம்பியைப் பிடரிக்குப் பின்னால் இழுக்கிறார்கள். தோள்மூட்டுக்கு அது நல்லதில்லை. மேல்நெஞ்சுக்கு இழுத்து, 2, 3 செக்கன் எடுத்து மெதுவாக விட வேண்டும். உடம்பை ஆட்டினால்தான் வருகிறதென்றால் பாரம் அதிகம், 5 கிலோவாவது குறைக்க வேண்டும்.

சரி, பிழை இரண்டையும் அருகருகே படமாக வரைந்து தர யாராவது இருக்கிறீர்களா? தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மெஷின் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். ஞாயிறு காலையில் 2 மணித்தியாலம் வந்து நேரில் காட்டித்தர ஒரு பயிற்சியாளரும் தேவை. பெண் பிள்ளைகளும் வருவதால் அக்காமார் யாராவது முன்வந்தால் பெரிய உதவி. இன்பொக்ஸில் எழுதுங்கள்.