அமில பெப்டைடு இடிடியில் உடைய மாட்டேன் என்கிறது: லாந்தனைடு உப்பு கைகொடுக்குமா?

பெப்டைடு பித்தன்:
குளூட்டமிக், அஸ்பார்ட்டிக் அமிலங்கள் நிறைந்த ஒரு பெப்டைடின் (சின்ன அமினோ அமிலச் சங்கிலி) வரிசையை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் படிக்க மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பாசிட்டிவ் மோடில் (நேர்மின் அயனிகளை அளக்கும் முறை) 2+ அயனி மட்டும்தான் வருகிறது, 3+ மருந்துக்குக்கூட இல்லை. அந்த 2+ஐ இடிடியில் (ETD, எலக்ட்ரானைக் கொடுத்து அயனியை உடைக்கும் முறை) விட்டால் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சிஐடியில் (CID, வாயுவோடு மோதவிட்டு உடைக்கும் முறை) தண்ணீர் இழந்த பீக்தான் பெரிதாக நிற்கிறது, வரிசை படிக்க எதுவும் தேறவில்லை. நெகட்டிவ் மோடில் எலக்ட்ரான் முறைகள் எங்கள் கருவியில் கிடையாது. லாந்தனைடு (அருமண் உலோகம்) உப்பு கலந்தால் சரியாகும் என்கிறார்களே, நிஜமா? கையில் இருப்பது யூரோப்பியம் நைட்ரேட்.

அயனிப்பொறி:
நிஜம்தான், ஆனால் யூரோப்பியத்தைத் தூரமாக வையுங்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் கேசடியின் குழு 2016இல் ஃபைப்ரினோபெப்டைடு பி என்ற அமில பெப்டைடையும் அதைப் போன்ற இரண்டு பெப்டைடுகளையும் எடுத்து, கதிரியக்கமுள்ள புரோமேதியம் தவிர மற்ற எல்லா லாந்தனைடுகளோடும் போட்டுப் பார்த்தது. உலோகம் 3+ ஆக வந்து ஒட்டுவதால், புரோட்டான் ஏறத் தயங்கும் பெப்டைடுக்கும் மின்சுமை கிடைத்துவிடுகிறது. உலோகத்தோடு கூடுதலாக ஒரு புரோட்டானும் சேர்ந்த 4+ அயனிதான் தங்கம், ஒவ்வொரு எச்சத்திலும் (சங்கிலியின் ஒவ்வொரு அமினோ அமில அலகிலும்) உடைகிறது. வெறும் உலோகம் ஒட்டிய 3+ பரவாயில்லை, ஆனால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குளூட்டமிக் அமிலங்களுக்கு நடுவே சில நேரம் உடையாது. ஒரு புரோட்டானை இழந்த 2+ அதைவிடச் சுமார். மற்ற லாந்தனைடுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை, யூரோப்பியம் மட்டும் 2+, 3+ இரண்டிலும் சொதப்புகிறது. அது சுலபமாக யூரோப்பியம்(II) ஆகிவிடும் உலோகம், வருகிற எலக்ட்ரானைத் தானே விழுங்கிவிட்டால் பெப்டைடின் முதுகெலும்புச் சங்கிலி எப்படி உடையும்? யூரோப்பியத்திலும் 4+ கிடைத்தால் அது நன்றாகவே உடைகிறது.

பெப்டைடு பித்தன்:
நன்றி. அப்போ எதை வாங்குவது? சமாரியம், நியோடிமியம் மலிவாகக் கிடைக்கிறது.

ஐசோடோப்பு ஆச்சி:
தம்பி, அவை இரண்டுக்கும் ஏழேழு ஐசோடோப்புகள். ஸ்பெக்ட்ரம் புதர் மாதிரி வரும், மோனோஐசோடோப்பிக் பீக் (ஒவ்வொரு தனிமத்தின் முதன்மை ஐசோடோப்பு மட்டும் சேர்ந்த பீக்) எது என்று தேடியே பொழுது போய்விடும். பிரேசியோடிமியம், டெர்பியம், ஹோல்மியம், தூலியம் நாலுக்கும் ஒரே ஐசோடோப்புதான், நான் என்றால் பிரேசியோடிமியம்தான் எடுப்பேன். கருவியை அளவுதிருத்தப் போடும் குளு-ஃபைப்ரினோபெப்டைடையே (ஃபைப்ரினோபெப்டைடு பி-யின் ஒரு வடிவம்) முதலில் ஓட்டிப் பாருங்கள். வழக்கமான 2+ பீக் m/z (நிறை/மின்சுமை) 785.84இல் வரும், பிரேசியோடிமியம் ஒட்டிய 3+ 570.19இல், 4+ 427.90இல். ஐசோடோப்பு பீக்குகளின் இடைவெளி 3+க்கு 0.33, 4+க்கு 0.25 என்று இருந்தால் பிடித்துவிட்டீர்கள்.

தேடும் மென்பொருளில் துண்டு அயனிகளை உலோகத்தோடும் உலோகம் இல்லாமலும் இரண்டு விதமாகவும் கொடுங்கள். கேசடி குழுவின் ஆய்வில் உலோகம் ஒட்டிய சி, இசட் அயனிகள் (இடிடியில் சங்கிலி உடைந்து வரும் இரு வகைத் துண்டுகள்) எல்லாவற்றிலும் குறைந்தது இரண்டு அமில இடங்கள் இருந்தன, அதாவது கார்பாக்சில் குழுக்களைத்தான் உலோகம் பற்றிக்கொள்கிறது போல. ஓரத்துச் சின்னத் துண்டுகள் பெரும்பாலும் உலோகம் இல்லாமல் வெறுங்கையோடு வரும்.

கண்ணாடிக் குழல்:
இன்னொன்று, மாதிரியில் பாஸ்பேட் பஃபர் இருந்தால் லாந்தனைடு பாஸ்பேட்டாக வீழ்படிந்து ஸ்பிரே ஊசியையே அடைத்துவிடும். இடிடிஏ (EDTA, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) இருந்தால் உலோகத்தை அதுவே அள்ளிக்கொள்ளும், பெப்டைடுக்கு மிஞ்சாது. உப்பு நீக்கிவிட்டு நேராக சிரிஞ்சில் ஏற்றுங்கள், எல்சியோடு (LC, திரவ நிறப்பகுப்பி) இணைப்பதை அப்புறம் யோசிக்கலாம். முடிந்ததும் குழாயை நன்றாகக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து கருவியில் உட்காருபவர் உங்களைத் தேடி வருவார்.

பெப்டைடு பித்தன்:
மாதிரி பாஸ்பேட் பஃபரில்தான் கிடக்கிறது! முதலில் அதை சி18 டிப்பில் (பெப்டைடைப் பிடித்துக்கொண்டு உப்பை விட்டுவிடும் சின்னக் குழல்) ஏற்றிக் கழுவுகிறேன்.