பாட்டு வேண்டாம், கிடார் மட்டும் போதும்: ராத்திரி கைவேலைக்கு என்ன கேட்கலாம்?

ஊசிநூல்:

வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பகலெல்லாம் மெஷின் ஓடும், அப்போது எந்தப் பாட்டு வைத்தாலும் காதில் விழாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மெஷினை மூடிவிட்டு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைப்பது, புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது என்று கைவேலையாக உட்காருவேன். அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் இசை தேடுகிறேன்.

யாராவது பாடினால் எனக்கு ஆகாது. மனசு வரிகளோடு போய்விடும். போன வாரம் ஒரு பழைய சோகப் பாட்டில் லயித்துப்போய், ஹூக் வரவேண்டிய பக்கத்தில் நூல் வளையத்தைப் போட்டு வைத்திருந்தேன். காலையில் ஆறு வளையத்தையும் பிரித்தேன்.

"மனதை அமைதிப்படுத்தும் கிடார், மூன்று மணி நேரம்" என்று வருகிறதே, அதில் நாலைந்து கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் மழைச் சத்தம், குருவிச் சத்தம். கிடார் எங்கோ அடியில் கிடக்கிறது. இருபது நிமிடத்தில் முதலில் வந்ததே திரும்ப வருகிறது. நடுவில் ஒரு சிமென்ட் விளம்பரம் அலறியதில் ஊசி விரலில் ஏறிவிட்டது.

ஒரு மனிதர் உட்கார்ந்து வாசித்த கிடார் வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இசை ஞானம் எல்லாம் கிடையாது. பெயர் சொன்னால் தேடிக் கேட்டுக்கொள்வேன்.

இன்னொரு சந்தேகம். சில பதிவுகளில் நடுநடுவே "கீச்" என்று ஒரு சத்தம் வருகிறது. ஜிப்பின் மேல் நகத்தை வைத்து இழுத்தால் வருமே, அந்த மாதிரி. என் ஹெட்போன் கோளாறா?

மொட்டைமாடி:

அக்கா, ஸ்பெயின்காரர் பிரான்சிஸ்கோ தாரெகாவில் ஆரம்பியுங்கள். "ரெகுயெர்தோஸ் தே லா அல்ஹாம்ப்ரா", 1899-இல் எழுதியது. ஒரே கிடார்தான், ஆனால் இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். அவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நோக்கியா போனில் வந்த அந்த ரிங்டோன் அவருடைய "கிரான் வால்ஸ்" என்ற துண்டிலிருந்து எடுத்ததுதான்.

ஊசிநூல்:

கேட்டேன் தம்பி. நோக்கியா விஷயத்தை வீட்டுக்காரரிடம் சொன்னால் நம்பவில்லை, போட்டுக் காட்டியதும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார்! அல்ஹாம்ப்ரா அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் துடிப்பு கேட்கக் கேட்க என் கையும் வேகம் பிடிக்கிறது. ஃபால்ஸில் பொடித் தையல் விழவேண்டிய இடத்தில் எட்டி எட்டித் தையல் விழுகிறது.

ஆறாம்தந்தி:

எங்கள் ஊர் தேவாலயப் பாடகர் குழுவில் இருபத்தாறு வருடமாகக் கிடார் வாசிக்கிறேன். முதலில் கீச்.

அது கோளாறு இல்லை தங்கச்சி. கிடாரின் தடித்த தந்திகள் வெறும் கம்பியோ வெறும் நைலானோ இல்லை. உள்ளே ஒரு கரு, அதன்மேல் மெல்லிய உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள், நூல்கண்டு மாதிரி. இடது கை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வழுக்கிப் போகும்போது விரல் நுனி அந்தச் சுற்றுகள் மேல் உரசும். நீங்கள் சொன்ன ஜிப்பு உதாரணம் அப்படியே பொருந்துகிறது. அதை அடக்க நானும் பல வருடம் பாடுபட்டேன், இப்போது விட்டுவிட்டேன். கேட்பவருக்கு அங்கே ஒரு கை இருக்கிறது என்று தெரிவதில் எனக்கு நஷ்டமில்லை. நீங்கள் கேட்ட "உட்கார்ந்து வாசித்த மனிதர்" அந்தக் கீச்சில்தான் இருக்கிறார்.

அல்ஹாம்ப்ராவில் கை ஏன் ஓடுகிறது என்றால், அதில் மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுகின்றன. கட்டைவிரல் கீழே தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். தம்பி சொன்ன இரண்டு ஆள் அதுதான். கேட்க மிதப்பாக இருந்தாலும் உள்ளே நல்ல ஓட்டம். அதே தாரெகாவின் "லாக்ரிமா" கேளுங்கள். கண்ணீர்த்துளி என்று பொருள். சின்னத் துண்டு, நிதானமாக நடக்கும்.

ஆனால் உங்கள் வேலைக்கு என் மனதில் வருவது ஹவாய். அங்கே "கீ ஹோஆலு" என்று ஒரு வாசிப்பு முறை இருக்கிறது. கீயைத் தளர்த்துவது என்று பொருள். நாமும் கிடாரின் திருகைக் கீ என்றுதானே சொல்கிறோம்!

கதை மாட்டிலிருந்து தொடங்குகிறது. 1793-இல் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஹவாய் அரசருக்கு மாடுகளைப் பரிசாகக் கொடுத்தார். அவற்றைக் கொல்லக்கூடாது என்று அரசர் தடை போட, அவை காட்டில் பெருகித் தோட்டங்களை நாசம் செய்தன. 1830-களில் மூன்றாம் கமேஹமேஹா மாடு மேய்க்கத் தெரிந்த மெக்சிகோக்காரர்களை வரவழைத்தார். கிடாரும் அவர்களோடு வந்தது. ஹவாய்க்காரர்கள் அதை வாங்கித் தங்கள் பாட்டுக்கு ஏற்றபடி தந்திகளைத் தளர்த்திக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சுருதி அமைப்பு வைத்துக்கொண்டு வெளியாளுக்குச் சொல்லாமல் காத்தது. நம் ஊரில் குழம்புப் பொடியைக் காப்பது போல.

அதில் அதிகம் புழங்கும் அமைப்பைக் கிடார் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆறாவது (அதுதான் ஆகத் தடித்தது), ஐந்தாவது, முதல் தந்தி, இந்த மூன்றை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்குங்கள். தடித்த தந்தியிலிருந்து மேற்கத்தியப் பெயரில் டி, ஜி, டி, ஜி, பி, டி. ஜி-யை ஸட்ஜமாக வைத்து நம் கணக்கில் படித்தால் ப, ச, ப, ச, க, ப. தம்பூராவின் பஞ்சமமும் ஸட்ஜமும், கூட ஒரு காந்தாரம்! இடது கை எதையும் அழுத்தாமல் வருடினாலே இசைந்து ஒலிக்கும். முதல்முறை நான் அப்படி வருடியபோது வாசிக்கவே தோன்றவில்லை, சும்மா வருடிக்கொண்டே இருந்தேன். தந்தி தளர்ந்திருப்பதால் விரலுக்கும் இதம். கட்டைவிரல் அடித் தந்திகளை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்க, மேலே மெட்டு அவசரமில்லாமல் வரும்.

கேட்க வேண்டியவர் ரே கானே. சிறுவனாக இருந்தபோது, தான் பிடித்த மீனைக் கொடுத்துக் கிடார் கற்றுக்கொண்டவர். அவருடைய "புனஹெலே" என்ற துண்டைத் தேடுங்கள். ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அது அடங்கும்வரை காத்திருப்பார். எனக்கு இன்றுவரை வராத வித்தை அது. அந்த இடைவெளியில் நீங்கள் ஒரு தையல் போட்டுவிடலாம். கேபி பஹினுயி இந்த முறைக்கே பெரிய பெயர். பகலில் ஹொனலுலுவில் சாலைப் பணி செய்துகொண்டே வாசித்தவர். ஆனால் அவர் பாடுவார், அதனால் உங்கள் ஹூக் நேரத்துக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சமைக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

நைலான்கட்சி:

ஹவாய் எனக்கு அரை மணி நேரத்தில் திகட்டும், பாதுஷா மாதிரி. பராகுவேக்காரர் அகஸ்டின் பாரியோஸின் "லா காதெத்ரால்" கேளுங்கள். இரண்டு பகுதிகளாக 1921-இல் எழுதினார், முன்னால் வரும் மெல்லிய பகுதியை 1938-இல் சேர்த்தார். உங்களுக்கு அந்தப் பிற்சேர்க்கைதான் வேண்டும். கடைசிப் பகுதி வருமுன் நிறுத்திவிடுங்கள், அது அல்ஹாம்ப்ராவை விட ஓடும்.

மொட்டைமாடி:

அண்ணா சொன்னபடி இறக்கிப் பார்த்தேன். சொர்க்கம். திரும்ப ஏற்றும்போது சுருதி காட்டும் ட்யூனரைப் பார்க்காமல் திருகியதில் முதல் தந்தி பட்டென்று அறுந்துவிட்டது. இப்போது ஐந்து தந்தியோடு இருக்கிறேன்.

ஆறாம்தந்தி:

இறக்கச் சொன்னேனே தவிர யார் ஏற்றச் சொன்னது? ஏற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருகு. இனி ஒரு தந்தி கூடுதலாக வாங்கி வை.

ஊசிநூல்:

நேற்று "புனஹெலே" வைத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லையே என்று இருந்தது. மூன்றாவது தடவை ஓடும்போது பார்த்தால் ஒரு புடவை முடிந்து மடித்தும் வைத்திருக்கிறேன். விளம்பரம் வராமல் இருக்க மகளிடம் சொல்லிப் போனில் இறக்கிக்கொண்டேன். பாரியோஸும் கேட்டேன், நிறுத்த மறந்துவிட்டேன், நீங்கள் சொன்னது சரிதான்.

கீச் சத்தம் வரும்போதெல்லாம் இப்போது அவர் எந்தப் பக்கம் கையை நகர்த்துகிறார், மேலேயா கீழேயா என்று யோசிக்கிறேன் அண்ணா. அது காதிலேயே தெரியுமா?

ஆறாம்தந்தி:

தெரியும். கீச்சுக்கு அடுத்து வரும் சுரம் ஏறியிருந்தால் பெரும்பாலும் கை உடல் பக்கம் வந்திருக்கும். ஆனால் இதையெல்லாம் கவனித்தால் மறுபடி ஹூக் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.